கிணற்றுக்கு மூன்றடி தள்ளி வட்ட வேலி: கம்பிவலை எத்தனை அடி?

முதலில் ஒரு பூக்கணக்கு. கொண்டையை ஒட்டிச் சுற்றிய மல்லிகைச் சரத்தில் ஒரு முழம், அதாவது 45 செ.மீ., கூட்டினால் சரம் சுற்றிலும் 7 செ.மீ. விலகும். பூமத்திய ரேகையைச் சுற்றிய 40,075 கி.மீ. சரத்தில் அதே முழத்தைக் கூட்டினாலும் அதே 7 செ.மீ.தான். நம்ப முடியாது, ஆனால் கணக்கு அப்படித்தான்: சுற்றளவு = 2 × π × ஆரம். கூடிய நீளத்தை 6.28-ஆல் வகுத்தால் விலகல் வந்துவிடும். பழைய ஆரம் இதில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மேலூர்ப் பக்கத்துத் தோட்டக் கிணற்றுக்கு வேலி போட இதுவே போதும். விட்டம் பார்க்கக் கிணற்றின் குறுக்கே கம்பு நீட்ட வேண்டாம்.

1. கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கத்தை ஃபைபர் டேப்பால் சுற்றி அளக்கவும். நைலான் கயிறு இழுத்த இழுப்புக்கு நீளும், வேண்டாம். டேப் ஒரே உயரத்தில் இருக்கட்டும். நம் உதாரணத்தில் 66 அடி.

2. மூன்றடி தள்ள: 3 × 6.28 = 18.84. மொத்தம் ஏறக்குறைய 85 அடி. 'மூணடிக்கு மூணடி கூட்டுனா ஆச்சு' என்று 69 அடி வாங்கினால் வேலி ஆறு அங்குலம்கூடத் தள்ளாது.

3. இனி முளை அடிப்பது. இங்கேதான் தடுமாறும். கிணற்று நடுவில் ஆணி அடித்துக் கயிறு சுழற்ற முடியாது. சுவரிலிருந்துதான் அளக்க வேண்டும். குச்சி சாய்ந்தால் தூரம் குறைந்துவிடும். மூன்றடிக் குச்சியின் ஒரு முனையை முளையில் வைத்து இடம் வலமாக வீசுங்கள். மறுமுனை சுவரை ஒரே இடத்தில் உரசினால் முளை சரி. இரண்டு இடத்தில் இடித்தால் முளை கிட்டே இருக்கிறது. உரசவே இல்லையென்றால் தள்ளிப் போயிருக்கிறது.

பிற்சேர்க்கை: கம்பிவலை கல்லுக்காலுக்குக் கல்லுக்கால் நேராகத்தான் போகும், வளையாது. 85 அடி வட்டத்தில் 11 கால் நட்டால், இரு கால்களுக்கு நடுவே வலை ஆறரை அங்குலம் உள்ளே வந்துவிடும். எங்கும் மூன்றடி குறையக் கூடாது என்றால் கால்களை 3 அடி 7 அங்குலத்தில் நடுங்கள், குச்சியும் அதே நீளம். வலை அப்போது 87 அடிக்குச் சற்று மேலே பிடிக்கும், 88 வாங்கவும்.

சதுரக் கிணறா? மூலையும் சதுரமாகவே வேண்டுமென்றால் மூன்றடிக்குக் கூடுவது 24 அடி. மூலையை வளைத்தால் பழையபடி 18.84.