ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவின் தடம் பிடிப்பது எப்படி?

எடின்பரோவில் ஹோலிரூட் அரண்மனைக்கு எதிரே இருக்கிறது ஸ்காட்லாந்து நாடாளுமன்றம். 1999இல் கூடத் தொடங்கிய அவை இது. மொத்தம் 129 உறுப்பினர்கள்: தொகுதிகளிலிருந்து 73 பேர், மண்டலங்களுக்கான கட்சிப் பட்டியல்களிலிருந்து 56 பேர். அங்கே பேசுவது, வாக்களிப்பது, எழுத்தில் கேட்பது எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் எந்த ஆவணம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரியாமல் இறங்கினால் அரை நாள் வீணாகும்.

பழகிப் பார்க்க, முடிந்துபோன ஒரு மசோதாவை எடுத்துக்கொள்வோம். மாதவிடாய்ப் பொருள்களை இலவசமாக வழங்கச் சொல்லி மோனிகா லெனன் என்ற உறுப்பினர் கொண்டுவந்தது. 2019 ஏப்ரலில் அறிமுகமாகி, 2020 நவம்பர் 24 அன்று நிறைவேறியது.

படி 1: சரியான வாசலில் நில்லுங்கள்

நாடாளுமன்றத் தளம் வேறு, ஸ்காட்லாந்து அரசின் தளம் வேறு. அமைச்சர்களின் கொள்கை அறிக்கை அரசுத் தளத்தில் இருக்கும். அவையில் நடந்தது நாடாளுமன்றத் தளத்தில். முதல் தவறு பெரும்பாலும் இங்கேதான். தேடுபொறியில் தட்டி, மேலே வரும் அரசுச் செய்திக்குறிப்பைப் பார்த்துவிட்டு அவை முடிவெடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

படி 2: எண்ணைப் படியுங்கள்

எஸ்5எம், எஸ்6டபிள்யூ என்று தொடங்கும் எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். எஸ்-க்கு அடுத்த இலக்கம் எத்தனையாவது நாடாளுமன்றம் என்பதைக் குறிக்கும். 2016இல் தேர்வானது ஐந்தாவது, 2021இல் தேர்வானது ஆறாவது. அதன்பின் எம் வந்தால் தீர்மானம், டபிள்யூ வந்தால் எழுத்துக் கேள்வி, ஓ வந்தால் வாய்மொழிக் கேள்வி, எஃப் வந்தால் முதல் அமைச்சரிடம் கேட்டது. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே முன்னொட்டை விட்டுவிட்டு எண்ணை மட்டும் குறித்துவைத்தால் அது எதற்கும் உதவாது.

தீர்மான எண்ணைக் கண்டதும் அவை அதை ஏற்றுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளூர்ப் பள்ளியைப் பாராட்டுவது போன்ற தீர்மானங்கள் ஏராளம். பெரும்பாலானவை விவாதத்துக்கே வருவதில்லை. உறுப்பினர் அலுவல் என்ற பெயரில் நடக்கும் விவாதங்களுக்கும் வாக்கெடுப்பு கிடையாது.

படி 3: மூன்று ஆவணங்களையும் பிரித்தறியுங்கள்

பிசினஸ் புல்லட்டின் என்பது இனி நடக்கவிருப்பது. அஃபிஷியல் ரிப்போர்ட் என்பது பேசியது. லண்டன் நாடாளுமன்றத்தின் பேச்சுப் பதிவை ஹன்சார்டு என்பார்களே, அதற்கு இணையானது. நடவடிக்கைக் குறிப்பு என்பது முடிவானது மட்டும். பேச்சு வேண்டாம், முடிவு மட்டும் போதும் என்றால் நடவடிக்கைக் குறிப்பே போதும், சில பக்கத்தில் முடிந்துவிடும்.

அவைப் பேச்சுகளின் பதிவு அன்றிரவே வெளியாகிவிடும். மசோதாக்களை ஆராயும் உறுப்பினர் குழுக்களின் பதிவுக்குச் சில நாள் பொறுக்க வேண்டும். பதிவில் வாய் தடுமாறியது, திரும்பச் சொன்னது எல்லாம் சீர்செய்யப்பட்டிருக்கும். சொல் பிசகாமல் மேற்கோள் காட்ட வேண்டுமானால் காணொளியையும் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

படி 4: மசோதாவின் பக்கத்தைத் திறங்கள்

மசோதாவோடு விளக்கக் குறிப்பு, கொள்கைக் குறிப்பு, நிதிக் குறிப்பு என்று துணை ஆவணங்கள் இருக்கும். நிதிக் குறிப்பைத் தவறவிடாதீர்கள். இந்த மசோதாவில் பெரிய சண்டையே செலவைப் பற்றித்தான். ஆண்டுக்கு 10 மில்லியன் பவுண்டுக்குள் முடியும் என்றது லெனன் தரப்பு. 24 மில்லியன் ஆகும் என்றது அரசு. பிறகு அரசே ஆதரவுக்கு மாறியது. மசோதா மூன்று கட்டங்களைக் கடக்க வேண்டும் (படி 5 பாருங்கள்). முதல் கட்ட ஆவணங்களோடு நிறுத்திக்கொண்டால் அரசு எதிர்த்த மசோதா என்றே எழுதிவிடுவீர்கள்.

எந்த வடிவத்தைப் படிக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். அறிமுகமானபோது மசோதாவுக்கு வெறும் எண் மட்டும். இரண்டாம் கட்டத்தில் திருத்தம் ஏற்றபின் அதே எண்ணோடு ஏ சேரும், நிறைவேறியபின் பி.

படி 5: இரண்டாம் கட்டத்தில் பொறுமையாக இருங்கள்

முதல் கட்டம் மசோதாவின் பொதுக் கொள்கையை ஏற்பதா என்பது. குழு ஆராய்ந்து அறிக்கை தரும், அவை வாக்களிக்கும். இது எளிது. இரண்டாம் கட்டத்தில்தான் புதியவர்கள் வழிதவறுகிறார்கள். திருத்தங்கள் பொதுவாகக் குழுவில் வருவதால், அவைப் பதிவில் தேடினால் ஒன்றும் அகப்படாது. குழுவின் பதிவைத் திறக்க வேண்டும்.

அங்கே இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, திருத்தங்களை மசோதாப் பிரிவுகளின் வரிசையில் அடுக்கிய பட்டியல். மற்றொன்று, பொருள்வாரியாகக் குழுப்படுத்திய தாள். விவாதம் இரண்டாவது தாளின்படி நடக்கும், வாக்கு முதல் தாளின்படி. அதனால் ஒரு திருத்தத்தைப் பற்றிக் காலையில் பேசிவிட்டு, பல பக்கம் தள்ளி, "ஏற்கெனவே விவாதித்தது" என்ற ஒற்றை வரியோடு வாக்குக்கு விடுவார்கள். பேச்சு முடிந்த இடத்தில் முடிவைத் தேடினால் கிடைக்காது. திருத்த எண்ணை வைத்து அந்தப் பக்கம் முழுதும் தேடுங்கள். அதன் கடைசி வருகையில்தான் விடை இருக்கும். அதற்குப் பின் மூன்றாம் கட்டம், முழு அவையில், மறுபடி இதே இரண்டு தாள்களோடு.

படி 6: வாக்கைக் கூட்டிப் பாருங்கள்

அன்றைய முடிவுகளை மாலை 5 மணியை ஒட்டி மொத்தமாக எடுப்பது வழக்கம். வாக்கெடுப்பு நடந்தால் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று பெயர்ப்பட்டியல் வரும். யாரும் மறுக்காமல் ஏற்றால் பட்டியலே இராது. அப்போது இன்னார் ஆதரித்தார் என்று எழுத இடமில்லை.

2022 டிசம்பரில் பாலின அங்கீகாரச் சீர்திருத்த மசோதா 86-க்கு 39 என்று நிறைவேறியது. கூட்டினால் 125. அவைத் தலைவர் சாதாரணமாக வாக்களிப்பதில்லை. மீதிப் பேர் வாக்களிக்கவில்லை. வராதவரையும் நடுநிலையாளரையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். அண்மை ஆண்டுப் பதிவுகளில், "வாக்களிக்கும் செயலி இணையவில்லை, நான் ஆம் என்றிருப்பேன்" என்று உறுப்பினர்கள் எழுந்து சொல்வதைப் பார்ப்பீர்கள். சிரிப்பு வரும், ஆனால் கவனியுங்கள்: அந்த வாக்கும் பதிவாகும்.

படி 7: நிறைவேறியதோடு நிறுத்தாதீர்கள்

நிறைவேறியபின், அரச ஒப்புதலுக்கு முன், நான்கு வாரம் காத்திருப்பு உண்டு. அதற்குள் ஸ்காட்லாந்து அரசின் அல்லது பிரிட்டன் அரசின் சட்ட அதிகாரிகள் மசோதாவை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். லண்டனில் உள்ள பிரிட்டன் அரசின் அமைச்சர் தடுக்கவும் செய்யலாம். மேலே சொன்ன பாலின மசோதாவை 2023 ஜனவரியில் அப்படித் தடுத்தார்கள்; அது சட்டமாகவில்லை. குழந்தைகள் உரிமை மசோதா 2021 மார்ச்சில் ஒருமனதாக நிறைவேறியும் நீதிமன்றத்துக்குப் போய், 2023இல் மறுபரிசீலனையாகி, 2024இல்தான் அரச ஒப்புதல் பெற்றது.

நம் மசோதாவுக்குத் தடை எதுவும் வரவில்லை. 2021 ஜனவரியில் ஒப்புதல் பெற்று அந்த ஆண்டின் முதல் ஸ்காட்லாந்துச் சட்டமாயிற்று. ஒப்புதல் நாளும் அமலாகும் நாளும் வேறு என்பதால், சட்டத்தின் கடைசிப் பிரிவுகளையும் அமலாக்க விதிகளையும் பாருங்கள். உள்ளாட்சிகள் பொருள்களை வழங்க வேண்டிய கடமை தொடங்கியது 2022 ஆகஸ்ட் 15 அன்று.