ரீஜென்சி கதையில் யாரை எப்படிக் கூப்பிடுவது

ரீஜென்சி கால (1811–1820) இங்கிலாந்தில் கதை எழுத உட்கார்ந்தால், நான் முதலில் சரிபார்ப்பது பெயர்களைத்தான். வீட்டில் மூன்று பெண்கள் என்றால் மூத்தவள் மட்டும் 'மிஸ் கார்ட்டர்'. தங்கைகள் 'மிஸ் ஆன் கார்ட்டர்', 'மிஸ் லூசி கார்ட்டர்'. அக்காவுக்குக் கல்யாணம் ஆனதும் அந்த 'மிஸ் கார்ட்டர்' ஆனுக்கு வந்துவிடும். வேலைக்காரி முதல்முறை அப்படி அழைக்கும்போது ஆன் திரும்பிப் பார்ப்பதை எழுதுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

அப்புறம், 'காலை' என்றால் டின்னர் வரைக்கும். அதனால் 'காலை வருகை'யை மதியம் இரண்டு மணிக்கு வையுங்கள், கால் மணி நேரத்தில் விருந்தாளியைக் கிளப்பிவிடுங்கள்.

கொச்சையா? பணத்துக்கு 'பிளன்ட்', போதைக்கு 'ஃபாக்ஸ்ட்'. இளைஞர்கள் தங்களுக்குள் பேசட்டும். பெண்கள் இருக்கும் வரவேற்பறையில் வேண்டாம்.