கார்பன் ஹார்டெயில் வாங்கப் போகிறீர்களா? முள்ளிலிருந்து தொடங்குங்கள்

கிராஸ்கன்ட்ரி மலைசைக்கிள் பந்தயத்துக்கு வண்டி தேடும் எவரும் முதலில் கேட்பது எடையைத்தான். பிரேம் 800 கிராமா, 1,100 கிராமா? நானும் அப்படித்தான் கேட்டேன். காங்கேயம் பக்கத்தில், வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி மண்பாதை ஒன்றில் முதல் நாள் ஓட்டிவிட்டு டயரைத் திருப்பிப் பார்த்தபோதுதான், நான் வேறு ஏதோ ஊருக்கு வண்டி வாங்கியிருக்கிறேன் என்பது புரிந்தது. கொரங்காடு என்ற நம் மேய்ச்சல் நிலத்தின் கிளுவை வேலியும் வெள்வேல மரமும் ஆடுமாட்டுக்கு நல்லவை. டயருக்கு அல்ல.

ஆகவே இந்த விளக்கம் நம் மண்ணிலிருந்து மேலே போகிறது. விலைப்பட்டியலிலிருந்து கீழே வரவில்லை.

படி 1: ஹார்டெயில்தான் வேண்டுமா?

முன்பக்கம் மட்டும் அதிர்வுதாங்கும் ஃபோர்க், பின்பக்கம் அசையாத பிரேம். இதுதான் ஹார்டெயில். பின்பக்கமும் அசைவது முழு சஸ்பென்ஷன். உலகப் பந்தயங்களில் காற்று இரண்டாவதன் பக்கம் வீசத் தொடங்கி நாளாகிவிட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் வீரர் குல்ஹாவியும், 2016 ரியோவில் சுவிஸ் வீரர் ஷூர்ட்டரும் தங்கம் வென்றது முழு சஸ்பென்ஷன் வண்டியில்தான். அங்கே பாறைகளை அடுக்கி, ஆள் உயரத்துக்குக் குதிக்க வைக்கிறார்கள்.

நாம் பயிற்சி செய்வது எங்கே? கீழ்பவானி வாய்க்கால் கரை, தோட்டங்களுக்கு நடுவே இட்டேரி, சென்னிமலை அடிவாரத்துக் கல்தடம். மிதிக்கும் விசை முழுவதும் சக்கரத்துக்குப் போவது இங்கே பெரிய ஆதாயம். அதைவிடப் பெரிய ஆதாயம், செம்மண் தூசி புகுந்து கெடுப்பதற்கு ஹார்டெயிலின் பின்பக்கத்தில் மூட்டுகளே கிடையாது என்பது. முதல் பந்தய வண்டி என்றால் ஹார்டெயிலே போதும் என்பது என் கட்சி. முதுகுவலி உள்ளவர்கள் மட்டும் இரண்டையும் ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

படி 2: அளவு

இதில் நான் நன்றாக ஏமாந்தேன். கடையில் என் அளவு இல்லை. ஒரு அளவு பெரியது கையிருப்பில் இருந்தது, அதற்குத் தள்ளுபடியும் இருந்தது. “ஸ்டெம்மைச் சின்னதாக மாற்றினால் சரியாகிவிடும், தம்பி” என்றார் கடைக்காரர். ஹேண்டில்பாரை முன்பக்கத்தோடு இணைக்கும் துண்டுதான் ஸ்டெம். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. எட்டு மாதம் கழுத்து வலியோடு ஓட்டிவிட்டு, நஷ்டத்துக்கு விற்றேன்.

ஸ்மால், மீடியம் என்ற எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் லார்ஜாக இருக்கும். வடிவளவு அட்டவணையில் ‘ரீச்’ என்ற எண்ணைப் பாருங்கள். பெடல் அச்சிலிருந்து (இரு மிதிகளின் கைகளும் பிரேமில் சுழலும் மையம்) ஹெட் டியூபின் (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) மேல்நுனி வரை கிடைமட்டத் தூரம் அது. எழுந்து நின்று ஓட்டும்போது உங்கள் உடம்புக்குக் கிடைக்கும் இடத்தைத் தீர்மானிப்பது இதுவே.

சீட் உயரத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. செருப்பில்லாமல் சுவரோரம் நின்று, தடிமனான புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையே இறுக்கமாக மேலே தூக்கிப் பிடியுங்கள். அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்து 0.883 ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. வந்தால் ஏறக்குறைய 70.6. பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை அந்த உயரம். இது தொடக்கப்புள்ளிதான், பிறகு முழங்கால் சொல்வதைக் கேட்டு ஓரிரு மில்லிமீட்டர் ஏற்றி இறக்கலாம்.

படி 3: பிரேம்

இப்போது எடைக்கு வருவோம். உங்கள் எடை 70 கிலோ, வண்டி 10 கிலோ என்று வையுங்கள். வண்டியில் ஒரு கிலோ குறைந்தால் மொத்தத்தில் குறைவது 1.25 சதவீதம். அரை மணி நேரம் செங்குத்தாக ஏறினால் சுமார் 22 விநாடி மிச்சம். பந்தயத்தில் அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு நல்ல கார்பன் பிரேம்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் 200, 300 கிராம். ஐந்தாறு விநாடிக்காக ஒரு லட்சம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று எதிரே வந்துவிட்டால் அந்த ஐந்தாறும் எங்கே போனதென்று தெரியாது.

அதற்குப் பதில் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். 2.4 அங்குல டயர் பின்னால் இடிக்காமல் சுற்றுமா? பெடல் அச்சு மரையிட்டதா, அழுத்திச் செருகியதா? மரையிட்டதைக் கழற்றி மாட்டுவது எளிது, கிறீச் சத்தமும் குறைவு. கேபிள்கள், ஹேண்டில்பார் திரும்பும் இடத்து ஹெட்செட் பேரிங்குக்குள் நுழைந்து போகின்றனவா? பார்க்க அழகுதான், பேரிங் மாற்றும் நாளில் பிரேக் குழாயையும் கழற்ற நேரிடலாம்.

நான்காவது, பின் கியரைத் தாங்கும் ஹேங்கர். விழும்போது பிரேமைக் காப்பாற்றத் தான் வளைந்து கொடுக்கும் சிறு அலுமினியத் துண்டு அது. யுடிஹெச் என்ற பொது அளவில் இருந்தால் எங்கும் கிடைக்கும். இல்லாவிட்டால் வாங்கும் நாளிலேயே இரண்டு கூடுதலாக வாங்கிவிடுங்கள். கோவைப் பட்டறைகளில் எதையும் கடைந்து தருவார்கள் என்ற நம் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பந்தயத்துக்கு முன்பு எந்தப் பட்டறையும் திறந்திருக்காது.

ஹெட் டியூபின் சாய்வான ஹெட் ஆங்கிள் 67, 68 டிகிரியில் இருப்பது இன்றைய வழக்கம், இறக்கத்தில் துணிச்சல் தரும். சீட் போஸ்ட் 27.2 மி.மீ. மெலிவாக இருந்தால் சற்று வளைந்து உடம்பைக் காக்கும். ஃபோர்க் 100 முதல் 120 மி.மீ. வரை அசைந்தால் போதும். உட்காரும்போது அதில் 15, 20 சதவீதம் அமுங்குமாறு காற்றழுத்தத்தை வையுங்கள்.

படி 4: சக்கரம், டயர்

பணத்தை இங்கே போடுங்கள். வேகம் எடுக்கும்போது சுற்றும் எடைதான் காலை அதிகம் பிடிக்கும். அதனால் பிரேமில் ஒரு படி இறங்கி, சக்கரத்தில் ஒரு படி ஏறுவது புத்திசாலித்தனம். 29 அங்குலச் சக்கரம், உள்ளகலம் 25 முதல் 30 மி.மீ. வரை உள்ள ரிம், 2.25 முதல் 2.4 அங்குல டயர்.

டயரில் மட்டும் கஞ்சத்தனமும் கூடாது, கிராம் கணக்கும் கூடாது. பந்தயத்துக்கென்றே காகிதம்போல் மெலிதாக வருகிற டயர், சீமைக்கருவேல முள்ளுக்கு முன் நிற்காது. நெருஞ்சி அடியில் குத்தும், சீமைக்கருவேலம் பக்கவாட்டில் கிழிக்கும். பக்கச்சுவர் வலுவூட்டிய வகையை எடுங்கள். டயருக்கு 100 கிராம் வரை கூடலாம், கூடட்டும். சற்று முன்பு சுற்றும் எடையைப் பற்றிப் பேசிவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று தோன்றும். பஞ்சரான சக்கரம் சுற்றுவதே இல்லையே.

டியூப்லெஸ் கட்டாயம். ஒரு டயருக்கு 100 மி.லி. அளவுக்கு, துளையை அடைக்கும் திரவமான சீலன்ட் ஊற்றுங்கள். குளிர்நாட்டுக் குறிப்பேட்டில் ஆறு மாதம் என்று போட்டிருந்தாலும், நம் சித்திரை வெயிலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். ரப்பர் தோலாக உறைந்து கிடக்கும். 70 கிலோ ஆளுக்கு 20 முதல் 23 பிஎஸ்ஐ காற்று. முன்சக்கரத்தில் இரண்டு குறைவாக.

படி 5: கியர், பிரேக்

முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 12. முன்னால் 34 பல், பின்னால் 10 முதல் 51 வரை என்றால், மிகச் சிறிய கியரில் ஒரு முழுச் சுற்று மிதிக்கு வண்டி ஒன்றரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 70 மிதி போட்டால் மணிக்கு ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். புதியவர்களுக்கு 32 பல் போதும். 36 கேட்பவர் பெரும்பாலும் படம் எடுக்கக் கேட்கிறார்.

பிரேக் திரவம் இரண்டு வகை. ஸ்ராம் நிறுவனத்தின் பல பிரேக்குகளில் டாட் திரவம், கார் உதிரிபாகக் கடையிலேயே கிடைக்கும். ஷிமானோவுக்கு மினரல் ஆயில், முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். ஒன்றில் மற்றொன்றை ஊற்றிவிடாதீர்கள். சீல்கள் பாழாகிவிடும்.

படி 6: பணம் கட்டும் நாளும் முதல் வாரமும்

உத்தரவாதம் பொதுவாக முதல் உரிமையாளருக்கு மட்டுமே. பழைய கார்பன் வண்டியை நண்பர் சொன்னாரென்று வாங்குவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். விழுந்து உடைந்தால் சலுகை விலையில் மாற்றுப் பிரேம் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் ஒன்று வாங்குங்கள். ஸ்டெம், ஹேண்டில்பார் போல்ட்டுகளில் 5 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தால் ஐந்துதான், கைப்பலம் அல்ல. கார்பனை நசுக்க ஒரு திருகு போதும்.

முதல் ஓட்டத்துக்கு ஆனைகட்டி, சிறுவாணிப் பக்கத்துக் காட்டுத்தடம் ஆசை காட்டும். ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். யானைக்கு உங்கள் வண்டி கார்பனா அலுமினியமா என்ற கவலையும் இல்லை. வாய்க்கால் கரைக்கே போங்கள்.

டயரில் குத்தியிருக்கும் முட்களைத் தடத்திலேயே பிடுங்காதீர்கள். திரும்பி வந்ததும் வீட்டில், பம்ப் பக்கத்தில் இருக்கும்போது, ஒவ்வொன்றாக எடுத்து, துளையைக் கீழே திருப்பிச் சக்கரத்தைச் சுற்றுங்கள். சீலன்ட் வந்து அடைத்துக்கொள்ளும். போன ஞாயிற்றுக்கிழமை என் முன்சக்கரத்தில் பதினொன்று இருந்தன.