பியானோ: தினமும் 25 நிமிடப் பயிற்சி, ஆரம்பநிலையினருக்கு

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து வாசிப்பதைவிட, தினமும் 25 நிமிடம் வாசித்தால் கை சீக்கிரம் பழகும். அந்த 25 நிமிடத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. உட்காரும் விதம் (1 நிமிடம்)
ஸ்டூலின் முன்பாதியில் உட்காருங்கள். முழங்கை, வாசிக்கும் கட்டைகளின் (கீ) மட்டத்தில் அல்லது சற்று மேலே இருக்க வேண்டும். ஸ்டூல் தாழ்வாக இருந்தால் மணிக்கட்டு தொங்கிப்போய் விரல்கள் இறுகிவிடும்.

2. ஐந்து விரல் (4 நிமிடம்)
கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. சி முதல் ஜி வரை (சி, டி, ஈ, எஃப், ஜி என்ற அடுத்தடுத்த ஐந்து வெள்ளைக் கட்டைகள்) ஏறி இறங்குங்கள். மெட்ரோனோம் (சீராகத் தட்டி வேகம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டு, ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம். விரல் நுனிக்கணு உள்ளே மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் மடங்குவது பெரும்பாலும் 4, 5-ஆம் விரல்கள்தான்.

3. சி மேஜர் ஸ்கேல் (5 நிமிடம்)
சி-யிலிருந்து அடுத்த சி வரை எட்டு வெள்ளைக் கட்டைகள். ஏறும்போது விரல்கள்: வலது கை 1-2-3-1-2-3-4-5; இடது கை 5-4-3-2-1-3-2-1. வலது கையில் ஈ-க்குப் பிறகு கட்டைவிரல் அடியில் நுழையும்போது எஃப் மட்டும் ‘டங்’கென்று கேட்கும். கட்டைவிரல் கடைசி நொடியில் பாய்வதே காரணம். இரண்டாம் விரல் டி-யை அழுத்தும்போதே அதை உள்ளே நகர்த்தத் தொடங்குங்கள். டி-ஈ-எஃப் மட்டும் பத்து முறை.

4. புதுப் பாடல் (12 நிமிடம்)
உண்மையான முன்னேற்றம் இங்கேதான். பாடலை முதலிலிருந்து வாசிக்காதீர்கள். தினமும் தொடக்கத்திலிருந்தே ஆரம்பித்தால் முதல் வரி மெருகேறும், கடைசி வரி அப்படியே கிடக்கும். இரண்டு பார் (இசைத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி ஒரு பார்) மட்டும் எடுங்கள். அடுத்த பாரின் முதல் ஸ்வரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்னால் இணைக்கும்போது அங்கேயே நிற்பீர்கள்.

வலது கை தனியாக, இடது கை தனியாக, பிறகு பாதி வேகத்தில் இரண்டும் சேர்த்து. தொடர்ந்து மூன்று முறை பிசகாமல் வந்தால் மெட்ரோனோமை 4 கூட்டுங்கள். பிசகினால் 8 குறையுங்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடுமாறினால், தப்பான ஸ்வரத்தைவிட அதற்கு முந்தைய விரலைக் கவனியுங்கள். உதாரணமாக, அங்கே 3-ஆம் விரலுக்குப் பதில் 2-ஆம் விரலை வைத்திருப்பீர்கள். அடுத்த கட்டை எட்டாது. சரியான விரல் எண்ணை இசைத்தாளிலேயே பென்சிலால் எழுதி, தினமும் அதே விரலில் வாசியுங்கள்.

5. தெரிந்த பாடல் (3 நிமிடம்)
இதில் தப்பு வந்தாலும் நிறுத்தாதீர்கள். தாளம் விடாமல் கடைசிவரை போங்கள். முடித்ததும் இன்று எந்த பார், எந்த வேகம் என்று நோட்டில் குறித்துவையுங்கள். நாளைக்கு அங்கிருந்து தொடங்கலாம்.

முன்கையில் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். நேரமே இல்லாத நாளில் நான்காம் படியை மட்டும், ஒரே ஒரு பாருக்குச் செய்யுங்கள்.