கஜகஸ்தானில் பதிப்புரிமை: ஜெராக்ஸ் கடைக்குப் போகும் முன்

அல்மாட்டி, கராகண்டா, செமெய் என்று எந்த ஊருக்கு மருத்துவம் படிக்க வந்தாலும், பாடப்புத்தகப் பிரச்சினை சீக்கிரமே வந்துவிடும். புத்தகம் தடி, விலையும் அதிகம். சீனியரிடம் வாங்கி முழுதாக ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். இங்கே அது சட்டப்படி கூடாது. சொந்த உபயோகத்துக்கு ஒரு பிரதி எடுக்கலாம் என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் முழுப் புத்தகம், இசைக்குறிப்புத் தாள், தரவுத்தளம், கணினி மென்பொருள் ஆகியவற்றை அந்தச் சலுகையிலிருந்து பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறது. 'எனக்கு மட்டும்தானே' என்ற சமாதானம் இவற்றுக்குச் செல்லாது. வகுப்புக்காகக் கட்டுரைகளையும் நூலின் சிறு பகுதிகளையும் நகலெடுக்கக் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. அதனால் முதலில் கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். க்ராக் செய்த மென்பொருளோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கும் இதே பதில்தான்.

கஜகஸ்தானின் இந்தப் பதிப்புரிமைச் சட்டம் 1996 ஜூன் 10 அன்று வந்தது. உறுப்பு நாடுகள் ஒன்றின் படைப்புகளை மற்றொன்று பாதுகாக்க வேண்டும் என்னும் பெர்ன் உடன்படிக்கையில் கஜகஸ்தான் 1999-இல் சேர்ந்தது. இந்தியா அதில் பல காலமாகவே இருக்கிறது. ஆக, தமிழ்ப் படத்துக்கும் பாட்டுக்கும் இங்கேயும் பாதுகாப்பு உண்டு. 'நம்ம ஊர்ப் படம்தானே, இங்கே யார் கேட்கப் போகிறார்கள்' என்பது வெறும் நினைப்பு. படைத்தவர் வாழும் காலமும், இறந்தபின் 70 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். இந்தியாவில் அது 60.

மண்டபம் பிடித்து, டிக்கெட் போட்டுப் பொங்கல் விழா நடத்தினால், அங்கே ஒலிக்கும் பாட்டுக்கும் உரிமம் வேண்டும். உரிமைதாரர்கள் சார்பில் கட்டணம் வசூலிக்கும் அமைப்புகள் இருக்கின்றன. மண்டபக்காரர் அவர்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறாரா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், யூடியூப் சேனல் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் கட்டடத்தையும் சிலையையும் படமெடுத்து வெளியிடலாம். ஆனால் அதுவே படத்தின் முக்கியப் பொருளாக இருந்தாலோ, படத்தை வைத்துப் பணம் பார்த்தாலோ அந்த அனுமதி கிடையாது. அல்மாட்டியின் பன்ஃபீலோவ் பூங்காவுக்குப் போனால் இது நன்றாகப் புரியும். அங்கிருக்கும் மரத் தேவாலயத்தைக் கட்டிய ஜென்கோவ் 1936-இல் இறந்துவிட்டார். அதை எப்படி வேண்டுமானாலும் படமெடுங்கள். சில நிமிட நடையில் இருக்கும் போர் நினைவுச்சின்னம் 1975-இல் திறக்கப்பட்டது. அதற்கு உரிமை இன்னும் இருக்கிறது. தலைநகர் அஸ்தானாவின் பைதெரெக் கோபுரமும், கூடார வடிவ வணிக வளாகமான கான் ஷாத்தீரும் இந்த நூற்றாண்டில் எழுந்தவை, அவற்றுக்கு உரிமை இருப்பதைச் சொல்லவே வேண்டாம். நண்பர்களோடு அங்கே நின்று செல்ஃபி எடுப்பதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தக் கோபுரத்தை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்பது வேறு கதை.

வேலைக்கு வருபவர்கள் ஒப்பந்தத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். உத்தியோகத்தின் பகுதியாக நீங்கள் எழுதும் கணினி நிரலையும் வரையும் வடிவத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் உரிமை முதலாளிக்குப் போகும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால்தான் மாறும். படைத்தவர் என்ற பெயர் மட்டும் உங்களுடையதே. அதை விற்கவும் முடியாது, அது காலாவதியாவதும் இல்லை. ஒப்பந்தம் பெரும்பாலும் கஜக் மொழியிலோ ரஷ்ய மொழியிலோ இருக்கும். மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது என்பது என் கருத்து.

சொந்தமாக எழுதுபவர்கள், இசையமைப்பவர்கள் எதையும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. படைத்த கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது. ஆனாலும் தகராறு என்று வந்தால் பதிவுச் சான்றிதழ் நல்ல சாட்சி. கஸ்பேட்டன்ட் என்று அழைக்கப்படும் தேசிய அறிவுசார் சொத்து நிறுவனம் அதை இணையத்திலேயே தருகிறது. விண்ணப்பிக்க ஐஐஎன் என்ற 12 இலக்கத் தனிநபர் அடையாள எண்ணும் மின்னணுக் கையொப்பமும் தேவை. வந்தவுடன் மற்ற காரியங்களுக்காக எப்படியும் ஐஐஎன் வாங்குவீர்கள், கையொப்பத்தையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.