அம்மாவோடு கொலோனுக்கு: டிசம்பரில் இரண்டு நாள்

பாரிஸில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் ரயிலேறி எங்கேயாவது போய்வர வேண்டுமென்றால், நான் ஜெர்மனியின் கொலோனைத்தான் சொல்வேன். டிசம்பரில் அங்கே எட்டரைக்குத்தான் விடிகிறது, நாலரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். கிடைக்கிற எட்டு மணி நேர வெளிச்சத்தை பஸ்ஸிலும் மெட்ரோவிலும் கழிக்க எனக்கு மனமில்லை. கொலோனில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பேராலயம் எதிரிலேயே நிற்கிறது. முழங்கால் வலிக்கிற அம்மாவைக் கூட்டிப் போன எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

பாரிஸின் கார் டு நோர் ஸ்டேஷனிலிருந்து யூரோஸ்டார் ரயில் நேராகப் போகிறது, மூன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். பிரஸ்ஸல்ஸில் மாறுகிற டிக்கெட் சில நாட்களில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் பிளாட்பாரக் குளிரில் வயதானவர்களை நிற்க வைக்க வேண்டாம், நேர் ரயிலையே எடுங்கள். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். சனி, ஞாயிறில் கூட்டம் தாங்காது. நாங்கள் செவ்வாய் போய் புதன் திரும்பினோம். நாம் கொலோன் என்கிற ஊரை ஜெர்மன்காரர் கேல்ன் என்பார்கள், அறிவிப்பில் அந்தப் பெயரைத்தான் கேட்பீர்கள். இறங்க வேண்டியது ஹௌப்ட்பான்ஹோஃப் என்கிற பிரதான ஸ்டேஷனில்.

ஷெங்கன் நாடுகளுக்குள்தானே போகிறோம் என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்தது. எல்லையோர ஊரான ஆஹன் பக்கம் போலீஸ் ரயிலில் ஏறிக் கேட்கலாம். ஊரிலிருந்து வந்த அம்மா அப்பா என்றால் விசா ஒட்டிய பாஸ்போர்ட், உங்களுக்குப் பாஸ்போர்ட்டோடு வதிவிட அட்டை. போட்டோ பிரதி போதாது.

உடுப்பில் எல்லோரும் கோட்டைப் பற்றியே யோசிப்பார்கள். குளிர் ஏறுவது காலிலிருந்து. கல் பாவிய சதுக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றால் மெல்லிய அடிப்பாதமுள்ள சப்பாத்தில் விரல் மரத்துப் போகும். தடித்த அடியுள்ள சப்பாத்தும் கம்பளிக் காலுறையும் போதும். இன்னொரு சோடி காலுறையைக் கைப்பையில் வையுங்கள்.

பேராலயத்துக்கு நண்பகலில் போங்கள், அதுவும் வெயில் அடிக்கிற நாள் என்றால் வேறெங்கும் போகாதீர்கள். 1248இல் தொடங்கி 1880இல் முடித்த கட்டடம், கோபுரம் 157 மீட்டர். தெற்குக் கோபுரத்தில் 533 படிகள். கால் நன்றாக இருப்பவர்கள் ஏறலாம், நாங்கள் ஏறவில்லை. எங்களை நிறுத்தியது தெற்குப் பக்கத்துச் சன்னல். 2007இல் ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்தது, 72 நிறங்களில் சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரங்கள். குளிர்காலச் சூரியன் தாழ்ந்து வருவதால் அந்த நிறங்கள் உள்ளே வெகுதூரம் விழுகின்றன. அம்மா கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டினார். பச்சை, நீலம், ஒரு துளி செம்மஞ்சள். ஒரு மேகம் வந்ததும் கை வெறும் கையானது. மேகம் போகும்வரை நீட்டியபடியே நின்றார்.

இருட்டியதும் பக்கத்திலேயே கிறிஸ்துமஸ் சந்தை. நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 23 வரை நடக்கும், 25க்குப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். சைவக்காரர் ரைபெகூஹன் கேட்கலாம்: உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்டு ஆப்பிள் கூழோடு தருவார்கள். வடை மாதிரி ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். மாவில் முட்டை சேர்ப்பதுண்டு, கேட்டு வாங்குங்கள். மது வேண்டாதவர்களுக்குக் கிண்டர்புன்ஷ் என்ற சூடான பழச்சாறு. குவளைக்கும் சேர்த்துக் காசு எடுப்பார்கள். குவளையைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு வரும். சில்லறை வைத்திருங்கள்.

அப்புறம், பேராலயத்தின் பின்னாலேயே ரைன் நதி மேல் ஹோஹென்சோலர்ன் பாலம். கம்பி வலை முழுக்கக் காதலர்கள் மாட்டிய பூட்டுகள். மெதுவாக நடந்து அக்கரைக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். கோபுரமும் பாலமும் விளக்குகளும் ஒரே பார்வையில் வரும்.

அறையைக் காலி செய்த பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஸ்டேஷனிலேயே தானியங்கிப் பெட்டகம் இருக்கிறது. காசு போட்டதும் கதவு மூடி, பெட்டி நிலத்தடிக்குப் போய்விடும், கையில் ஒரு அட்டை வரும். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. அட்டையைக் கைக்குட்டையில் முடிந்து மாலைவரை வைத்திருந்தார். திரும்பி வரும்போது ரயிலுக்கு அரை மணி முன்பே அங்கே போய்விடுங்கள். வரிசை இருக்கலாம், அட்டையைப் போட்ட பிறகும் பெட்டி மேலே வரச் சில நிமிடம் எடுக்கும்.