ராமேஸ்வரத்தில் காட்டேஜ் எடுத்துப் பூநாரை பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு ராமேஸ்வரம் கடல் என்றால் ஒரு ராத்திரிப் பயணம். சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை எல்லாம் தாண்டிப் பாம்பன் பாலம் ஏற வேண்டும். ஏறத்தாழ 500 கிலோமீட்டர். இவ்வளவு தூரம் போகிறோமே என்று எல்லோரும் முதலில் அறையைத் தேடுகிறார்கள். பால்கனியில் நின்றால் கடல் தெரியுமா, ஏசி உண்டா, எத்தனை பேர் படுக்கலாம் என்று. பறவை பார்ப்பதுதான் ஆசை என்றால் மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள், அப்புறம் நேரம். அறை கடைசி.

மே மாத லீவில் புக் செய்வதுதான் பெரிய தவறு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தனுஷ்கோடிப் பக்கத்து உப்பங்கழியில் ஆழமில்லாமல் தண்ணீர் பரந்து நிற்கும்போதுதான் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) கூட்டமாக இறங்கும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல வாய்ப்பு. உள்ளான், உப்புக்கொத்தி போன்ற வலசைப் பறவைகள் அதற்கு முன்பே வந்துவிடும் என்றாலும் நவம்பர், டிசம்பர் புயல் காலம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததும் அப்படியொரு புயல்தான். பொங்கல் லீவு பொருந்தும். தை அமாவாசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், தீர்த்தமாட வருகிற கூட்டத்தில் வண்டி நகராது.

அடுத்தது இடம். விளம்பரத்தில் 'தனுஷ்கோடி காட்டேஜ்' என்று பார்த்தால் உடனே முன்பணம் அனுப்பாதீர்கள். தனுஷ்கோடியில் இரவு தங்க முடியாது, இருட்டுவதற்குள் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். லொகேஷனை வாங்கி, கோதண்டராமர் கோயிலுக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்புதான் பூநாரைக்குப் பேர்போனது. கடல் தெரிகிற அறையைவிட, விடியும்போது சட்டென்று அங்கே போய்ச் சேர முடிகிற சாதாரண அறையே மேல். குடிநீரையும் கேட்டுக்கொள்ளுங்கள். தீவில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. புளோரைடு தண்ணீரோடு மல்லுக்கட்டி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீருக்குக் காத்திருந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் லீவு குஷியில் மறந்துபோகும்.

ராமநாதசுவாமி கோயிலையும் பறவையையும் ஒரே காலையில் முடிக்கப் பார்ப்பதும் தவறு. ஸ்படிக லிங்க தரிசனம், அப்புறம் 22 தீர்த்தம், ஈரத்துணி மாற்றி டிபன் என்று முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். அதன்பின் சூடான மணலுக்கு மேல் காற்று அலைய ஆரம்பிக்கும். எவ்வளவு நல்ல பைனாகுலர் வைத்திருந்தாலும் பறவை நெளிந்துதான் தெரியும். இரண்டு இரவு தங்கி, ஒரு காலையைக் கோயிலுக்கும் ஒரு காலையைப் பறவைக்கும் ஒதுக்குவதுதான் சரி.

பைனாகுலர் வாங்கும்போது பெரிய எண்ணாகப் பார்த்து 20 மடங்கு வாங்கிவிடுகிறார்கள். கடற்காற்றில் கை ஆடினால் அதில் எதுவும் நிற்காது. 8x42 போதும், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 மில்லிமீட்டர் லென்ஸ் வெளிச்சத்தை நன்றாக வாங்கும். கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி கேஆர்பி அணைக்குப் போய், நீர்க்காகத்தையும் கொக்கையும் பார்த்துக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். தனுஷ்கோடி போய் ஃபோகஸ் திருகத் தெரியாமல் நின்றால் 500 கிலோமீட்டரும் வீண்.

இனி பூநாரை. படங்களில் பார்த்துவிட்டு முழுக்க ரோஸ் நிறத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நம் பக்கம் வருவது பெரும் பூநாரை. நிற்கும்போது தூரத்தில் வெள்ளையாகத்தான் தெரியும். குச்சிக் கால்களில் மெல்ல நடந்துகொண்டே, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் கவிழ்த்து, சேற்றையும் நீரையும் வடித்துச் சின்ன உயிரிகளைத் தின்னும். சிவப்பும் கறுப்புமான இறக்கை நிறம் பறக்கும்போதுதான் பளிச்சென்று விரியும். அந்த ஒரு படத்துக்காகக் கை தட்டுவதும், சேற்றில் இறங்கித் துரத்துவதும், ட்ரோன் விடுவதும்தான் மன்னிக்க முடியாத தவறு. வலசை வந்த பறவைக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் தின்று சேர்த்த கொழுப்பைக் கரைக்கும். நீங்கள் நெருங்கும்போது மேய்ந்துகொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தால், அதற்குமேல் ஓரடியும் வைக்காதீர்கள். பின்வாங்கினால் மறுபடி குனியும். 2025 ஜூனில் தமிழக அரசு இந்தப் பகுதியைப் பெரும் பூநாரை சரணாலயமாக அறிவித்துவிட்டது, ஆகவே இது வெறும் மரியாதை விஷயம் மட்டுமல்ல.

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் குளிக்க இறங்காதீர்கள், நீரோட்டம் பொல்லாதது. மீனவர் யாரிடமாவது படகு பேசி, ஆளில்லாத் தீவில் பறவை பார்க்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அனுமதியில்லாமல் இறங்கினால் உங்களோடு சேர்த்து அந்தப் படகுக்காரரும் மாட்டிக்கொள்வார்.